ஊசி போடாத மெடிக்கல்காரி

எங்கள் கடையில் ஊசி போட மாட்டோம். இதை நான் சொல்லாத நாள் கிடையாது. புதுச்சேரியில், வில்லியனூரிலிருந்து பாகூர் போகும் சாலையோரம் மெடிக்கல் வைத்திருக்கிறேன். நடவு வயலில் கண்ணாடி ஓடு காலைக் கிழித்துவிட்டது என்று வருவார்கள். சென்ட்ரிங் பலகை பிரிக்கும்போது துரு ஆணி ஏறிவிட்டது என்று வருவார்கள். வந்த வேகத்தில் பெஞ்சில் உட்கார்ந்து சட்டைக் கையைச் சுருட்டிக்கொள்வார்கள். "ஒரு டிடி போட்டு வுடும்மா, வேலைக்குப் போவணும்." டிடி என்பது ரணஜன்னித் தடுப்பூசி. கூடாதுண்ணே, பிஎச்சிக்கு (ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு) போங்க என்றால், "நீ இதுக்குத்தானே படிச்ச?" என்று திருப்பிக் கேட்பார்கள்.

படித்தது கோரிமேட்டில், பி.பார்ம். பதிவு பெற்ற மருந்தாளுநர் என்ற சான்றிதழும், படிவம் 20, படிவம் 21 என்ற இரண்டு உரிமங்களும் கல்லாவுக்கு மேலே கண்ணாடிச் சட்டத்தில் தொங்குகின்றன. தடுப்பூசி, சீரம், இன்சுலின் மாதிரியான மருந்துகளை விற்க அந்த 21 வேண்டும். அது இருந்தால் தடுப்பூசியை வாங்கலாம், குளிரில் வைத்துக் காப்பாற்றலாம், டாக்டர் சீட்டைப் பார்த்து விற்கலாம். சிரிஞ்சில் எடுத்து ஒருவர் கையில் ஏற்றுவதற்கு மட்டும் அதில் இடமில்லை. 1948-ஆம் ஆண்டின் பார்மசி சட்டம் சீட்டுக்கு மருந்து கொடுக்கும் உரிமையைத்தான் எங்களுக்கு ஒதுக்கியிருக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு ஊசி போடுகிற கடைகளும் உண்டு, ஊருக்கே தெரியும். அவர்களுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை.

ஆனால் ஊசி போடாத இந்தக் கடைக்குத்தான் ஊசி விவகாரத்தில் பாதி வந்து சேர்கிறது. டாக்டரிடம் கேட்கக் கூச்சம். சிஸ்டரிடம் கேட்டால் கூட்ட நெரிசலில் ஒரு அதட்டல் விழும். எங்களிடம் டோக்கன் இல்லை, வரிசை இல்லை, கேட்பதற்குக் காசும் இல்லை. பிள்ளைக்குச் சோப்பு வாங்க வந்த சாக்கில் கேட்டுவிட்டுப் போகலாம். சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு ஓபி இருக்காது, மெடிக்கல் திறந்திருக்கும்.

குழந்தைகளுக்கு ஊசி போடுகிற நாளில் மத்தியானம் தாண்டியதும் இளம் தாய்மார்கள் ஒவ்வொருவராக வருவார்கள். தோளில் பிள்ளை, கையில் தடுப்பூசி அட்டை, கூடவே மாமியார். ஆறு, பத்து, பதினாலு வாரங்களில் போடும் பென்டாவேலன்ட் ஊசி ஐந்து நோய்களைத் தடுக்கிறது: தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி, பி வகை மஞ்சள்காமாலை, ஹிப் கிருமியால் வரும் மூளைக்காய்ச்சலும் நிமோனியாவும். போட்ட அன்று ராத்திரி உடம்பு சுடலாம், தொடை வீங்கலாம். ஒன்றிரண்டு நாளில் தணிந்துவிடும். அதற்குப் பாரசிட்டமால் கேட்டுத்தான் வருகிறார்கள்.

கைக்குழந்தைக்கான பாரசிட்டமால் இரண்டு விதமாக வருகிறது. சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம். சிரப்பில் ஐந்து மில்லிக்கு 125 மில்லிகிராம். 250 உள்ளதும் உண்டு. ஐந்து கிலோப் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 50 மில்லிகிராம் போதும். சொட்டு மருந்தானால் அரை மில்லி, 125 சிரப்பானால் இரண்டு மில்லி. மூத்த பிள்ளைக்குச் சிரப் கொடுத்தபோது சொன்ன "ரெண்டு மில்லி" பாட்டியின் மனதில் பதிந்து கிடக்கும். அதே இரண்டு மில்லியைச் சொட்டு மருந்தில் எடுத்து ஊற்றினால் 200 மில்லிகிராம், நாலு மடங்கு. அதனால் அட்டையில் எடையைப் பார்த்துவிட்டு, டப்பாவைப் பிரித்து, ட்ராப்பரில் அரை மில்லிக்கு நேராக ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டுத்தான் கொடுப்பேன். "ஆயா, இந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. சுட்டா மட்டும் குடுங்க. ஆறு மணி நேரத்துக்கு ஒரு வாட்டி. மூணாம் நாளும் சுட்டா டாக்டர்கிட்ட போயிடுங்க." இந்தக் கோடு எந்தத் தடுப்பூசிக் கணக்கிலும் ஏறாது. ஆனால் முதல் ஊசி ராத்திரியில் பயந்துபோன தாய் அடுத்த ஊசிக்கு வரத் தயங்குவாள். அவளைத் தயங்காமல் வரவைக்கும் இடங்களில் இந்தக் கவுன்ட்டரும் ஒன்று.

பிசிஜி கதை வேறு. பிறந்ததும் இடது தோளில் போடுகிற காசநோய்த் தடுப்பூசி அது. போட்ட அன்று ஒன்றும் தெரியாது. இரண்டு வாரத்திலிருந்து ஆறு வாரத்துக்குள் சின்னதாக ஒரு கட்டி கிளம்பும், உடையும், கொஞ்சம் சீழ் வரும், மெல்லக் காய்ந்து தழும்பாகும். எல்லாம் நடக்க வேண்டியபடிதான் நடக்கிறது. ஆனால் பாட்டிக்கு அது "ஊசி செப்டிக் ஆயிடுச்சு". ஆன்டிபயாட்டிக் பவுடர் கொடு, களிம்பு கொடு என்பார்கள். கொடுத்தால் எனக்கு வியாபாரம். எதுவும் தடவக் கூடாது என்று சொல்லி வெறுங்கையோடு அனுப்புவதுதான் அங்கே வைத்தியம். அக்குளில் நெறிகட்டி பெரிதானால் மட்டும் டாக்டரிடம் காட்டச் சொல்வேன்.

கொஞ்சம் வசதி வந்த வீடுகளில் இன்னொரு கேள்வி: "வலியில்லாத ஊசி பிரைவேட்ல இருக்காமே?" இருக்கிறது. அரசு ஊசியில் கக்குவான் கிருமியை முழுதாகக் கொன்று சேர்க்கிறார்கள். காய்ச்சலுக்கு முக்கியக் காரணம் அதுதான். தனியாரில் அந்தக் கிருமியின் சில புரதங்களை மட்டும் பிரித்தெடுத்த ஊசி கிடைக்கும். காய்ச்சல் குறைவு, விலை அதிகம், பாதுகாப்பு சீக்கிரமே தேயத் தொடங்கும். ஒரு ராத்திரிக் காய்ச்சலுக்குப் பயந்து கடன் வாங்கிப் போட வேண்டிய ஊசி அது கிடையாது என்று நான் சொல்வதுண்டு. கிளினிக் நடத்துகிறவர்களுக்கு இந்தப் பேச்சு பிடிக்காது.

பாகூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டவர்களில் பலருக்குத் தாய்வீடு கடலூர்ப் பக்கம். தென்பெண்ணையைத் தாண்டினால் தமிழ்நாடு. எங்கள் ஊர்களுக்கு நடுவிலேயே தமிழ்நாட்டு ஊர் துண்டுதுண்டாகக் கிடக்கும். முதல் பிரசவத்துக்குப் போனவள் அங்கேயே இரண்டு ஊசி போட்டுக்கொண்டு மூன்றாம் மாதம் புருஷன் வீட்டுக்கு வருவாள். "அது தமிழ்நாட்டு அட்டை, இங்க போட மாட்டாங்க" என்று யாரோ சொல்லியிருப்பார்கள், அல்லது அவளே நினைத்துக்கொண்டிருப்பாள். எந்த மாநிலத்து அட்டையானாலும் நாட்டின் எந்த அரசு நிலையத்திலும் அடுத்த ஊசியைப் போடுவார்கள். இப்போது யூ-வின் என்ற இணையப் பதிவும் வந்துவிட்டது. நான் அட்டையை வாங்கிப் பார்த்து, அடுத்து எது, எத்தனை நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று சொல்லி, ஏரியா கிராம செவிலியரான ஏஎன்எம்முக்கு ஒரு போன் போடுவேன். தள்ளிப்போனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இந்த ஒரு செய்தி தெரியாமல் "நாள் தப்பிடுச்சு, இனிமே எதுக்கு" என்று உட்கார்ந்துவிட்ட வீடுகள் உண்டு.

இனி ஃப்ரிட்ஜுக்கு வருகிறேன். மெடிக்கல் ஷாப்பின் ஃப்ரிட்ஜை ஒரு வாடிக்கையாளர்கூடப் பார்த்திருக்க மாட்டார். தடுப்பூசி என்ற மருந்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. இரண்டு டிகிரிக்குக் கீழே போகக் கூடாது, எட்டு டிகிரிக்கு மேலே போகக் கூடாது. கதவுத் தட்டில் வைக்கக் கூடாது. திறந்து மூடும்போதெல்லாம் சூடு ஏறும் இடம் அது. ஃப்ரீசருக்கு ஒட்டினாற்போலவும் வைக்கக் கூடாது. கீழே காய்கறிப் பெட்டி இருந்த இடத்தில் தண்ணீர் பாட்டில்களை நிரப்பி வைத்தால் கரண்ட் போனாலும் குளிர் கொஞ்சம் நிற்கும். காலையும் மாலையும் தெர்மாமீட்டரைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். வேலைக்கு வரும் பெண்ணின் மல்லிகைச் சரமும் மோர் பாட்டிலும் உள்ளே போகக் கூடாது. இதில் கடைசிதான் அமல்படுத்தக் கஷ்டமான விதி.

வெயிலில் மருந்து கெட்டுவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். குளிரில் கெடும் என்றால் நம்ப மாட்டார்கள். டிடி, ஹெபடைட்டிஸ் பி, பென்டாவேலன்ட் மாதிரி ஊசிகளில் மருந்து ஒரு அலுமினிய உப்பின் துகள்களில் ஒட்டிக்கொண்டு இருக்கிறது. உறைந்துவிட்டால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். பிறகு உருக்கினாலும், குலுக்கினாலும், திரிந்த பால் மறுபடி பாலாகாத மாதிரி, பழைய மருந்து திரும்ப வராது. பார்வைக்கு மட்டும் சாதாரணமாகவே இருக்கும். சந்தேகம் வந்தால் ஒரு சோதனை உண்டு. அதே தொகுதியில் ஒரு குப்பியை வேண்டுமென்றே உறையவைத்து உருக்கி, சந்தேகக் குப்பியோடு சேர்த்துக் குலுக்கி, மேசையில் வைத்துப் பார்ப்பது. உறைந்தது அடியில் சீக்கிரம் படியும், மேலே தண்ணீர் தெளியும். சந்தேகக் குப்பியும் அதே வேகத்தில் படிந்தால் அதையும் தள்ளிவிட வேண்டியதுதான். டிடி ஊசி கொஞ்சம் சூட்டைத் தாங்கும். உறைவதைத் தாங்கவே தாங்காது.

அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இந்த வேலைக்கு ஐஎல்ஆர் என்ற தனி ஃப்ரிட்ஜ் இருக்கிறது. பக்கச் சுவர்களில் ஐஸ் அடுக்கு. மின்சாரம் போனாலும் பல மணி நேரம் குளிரை விடாது. 2015-இல் தொடங்கிய ஈவின் திட்டத்தில், அந்த ஃப்ரிட்ஜுக்குள் இருக்கும் கருவி வெப்பநிலை தவறினால் செல்போனுக்குத் தகவல் அனுப்பும். நாட்டில் பல நிலையங்களில் அந்தப் பெட்டிக்குப் பொறுப்பாளரே பார்மசிஸ்ட்தான். அரசுக் குப்பியின் மேல் வட்டத்துக்குள் சதுரம் ஒன்று அச்சிட்டிருக்கும். சூடு பட்டுக்கொண்டே இருந்தால் சதுரம் கறுத்துக்கொண்டே வரும். வட்டத்தின் நிறத்தைச் சதுரம் தொட்டுவிட்டால் அந்தக் குப்பியைப் போடக் கூடாது. எங்களை மாதிரிக் கடைக்காரர்களுக்கு ஐஎல்ஆர் கிடையாது, வீட்டு ஃப்ரிட்ஜும் இன்வெர்ட்டரும்தான். 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்து, ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தபோது, இன்வெர்ட்டர் எத்தனை நேரம் தாங்கும் என்பது எங்கள் பக்கத்துக் கடைக்காரர் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கதவைத் திறக்காமல் இருப்பது ஒன்றுதான் அப்போது கையில் இருந்த வழி. இன்சுலின் கேட்டு வந்தவர்களை ஒன்றாகச் சேர்த்து நிற்கவைத்து, ஒரே தடவை திறந்து எடுத்துக் கொடுத்தேன்.

நாய்க்கடி எங்கள் ஊர்களில் மழைக்காலமா வெயில்காலமா என்று பார்ப்பதில்லை. கடிபட்டவர் முதலில் ஓடி வருவது பெரும்பாலும் மெடிக்கலுக்குத்தான். மிளகாய்ப் பொடி அப்பிக்கொண்டு, சுண்ணாம்பு தடவிக்கொண்டு, காப்பித்தூள் வைத்துக் கட்டிக்கொண்டு வருவார்கள். நான் முதலில் கொடுப்பது சோப்பு. கடை ஓரக் குழாயைத் திறந்துவிட்டு, ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவச் சொல்வேன். ரேபிஸ் கிருமிக்குச் சோப்பு ஆகாது. காயத்திலேயே பெரும்பகுதி அழிந்துவிடும். கட்டுப் போட வேண்டாம். ரத்தம் வந்திருந்தால் தடுப்பூசி மட்டும் போதாது, காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் ஏற்ற வேண்டும். அதற்குக் கடையில் நின்று நேரத்தை வீணாக்காமல் ஜிப்மருக்கோ பெரியாஸ்பத்திரிக்கோ போக வேண்டும். உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் ரேபிஸால் சாகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில். அறிகுறி தெரிந்த பிறகு கிட்டத்தட்ட யாரும் பிழைப்பதில்லை.

பெரியவர்கள் பயப்படுவது தொப்புளைச் சுற்றிப் போடும் பதினாலு ஊசிக்கு. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்தப் பழைய மருந்தை 2004-இலேயே நாடு நிறுத்திவிட்டது. இப்போது அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் சின்னதாக, இரண்டு கையிலும், நாலே நாலு முறை: முதல் நாள், 3, 7, 28. முதல் மூன்றுக்கும் பயத்தில் போய்விடுவார்கள். 28 வருவதற்குள் காயம் ஆறியிருக்கும், நாயும் தெருவில் திரிந்துகொண்டிருக்கும், அறுவடையும் வந்திருக்கும். அதனால் நான் கடை பில்லின் பின்பக்கம் நாலு தேதியையும் எழுதி, கடைசியைச் சுற்றி வட்டம் போட்டு, வீட்டுப் பெண்கள் யாராவது வந்தால் அவர்கள் கையில் கொடுப்பேன். ஆண்கள் சட்டைப்பையில் போன பில் துவைக்கிற கல்லில்தான் வெளியே வரும்.

ஊசியைப் பற்றி எங்களிடம் கேட்கிறார்கள் என்பதை ஊரே பார்த்தது 2017 பிப்ரவரியில். தட்டம்மை–ரூபெல்லா இயக்கம் நாட்டிலேயே முதலில் தொடங்கிய ஐந்து இடங்களில் புதுச்சேரியும் தமிழ்நாடும் உண்டு. ஒன்பது மாதக் குழந்தையிலிருந்து பதினைந்து வயது நிரம்பாத பிள்ளை வரை போட்டார்கள், படிக்கிற பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே. வாட்ஸ்அப்பில் வதந்தி கிளம்பியது. பிள்ளை பிறக்காமல் பண்ணுகிற ஊசியாம், வெளிநாட்டுக்காரன் சோதனை பண்ணுகிறானாம். போனை நீட்டி, "இதைப் படிச்சுப் பாத்துட்டுச் சொல்லுக்கா" என்று வந்தவர்கள் பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கேட்கவில்லை, என்னிடம் கேட்டார்கள். நான் எதிர்க் கேள்வி கேட்டேன்: உன் பெண் நாளைக்குக் கர்ப்பமானால், மூன்றாம் மாதத்துக்குள் அவளுக்கு ரூபெல்லா வந்தால் வயிற்றுப் பிள்ளைக்கு என்ன ஆகும், தெரியுமா? கண்ணில் புரை, காது கேளாமை, இதயத்தில் ஓட்டை. பிள்ளை பிறக்காமல் பண்ணுகிற ஊசி என்று அவர்கள் பயந்தது, பிறக்கிற பிள்ளையைக் காப்பாற்றுகிற ஊசி. என் பிள்ளைக்கும் அன்றே போட்டேன் என்று சொன்னபோதுதான் பாதிப் பேர் நம்பினார்கள்.

கொரோனா வந்தபோது எங்கள் பேரை ஒரு அரசுத் தாளில் பார்த்தேன். 2020 டிசம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட தடுப்பூசி வழிகாட்டு நெறிமுறையில், ஊசி போடக் கூடியவர்கள் பட்டியலில் டாக்டர், நர்ஸ், ஏஎன்எம் இவர்களோடு பார்மசிஸ்ட் என்றும் இருந்தது. 2021 ஜனவரி 16-இல் ஊசி தொடங்கியது. கடை நடத்தும் எங்களை யாரும் கூப்பிடவில்லை. நாங்கள் செய்தது வேறு வேலை: ஓடிபி வந்த போனை வாங்கி கோவின் தளத்தில் பதிவு பண்ணிக் கொடுத்தோம். சர்க்கரைக்காரர் போடலாமா, ரத்தத்தை நீர்க்கவைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர் போடலாமா என்று கேட்டவர்களுக்கு அவர்கள் வாங்கும் மாத்திரையைப் பார்த்தே பதில் சொன்னோம். யார் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பது டாக்டரைவிட எங்களுக்கு நன்றாகத் தெரியும். மாதம் தவறாமல் வாங்குவது எங்களிடம்தானே. 2021 டிசம்பரில் 1973-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தைக் காட்டி புதுச்சேரி அரசு கொரோனா ஊசியைக் கட்டாயமாக்கியது. அந்த மாதக் கடைசியில்தான் வில்லியனூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஊசிக்குப் பயந்து ஒருவர் மரத்தில் ஏறிக்கொண்ட வீடியோ நாடெல்லாம் சுற்றியது. சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீடு தேடி நாலு பேர் பெட்டியோடு வந்து நின்றால் பயப்படுகிற மனிதர் எங்கள் கவுன்ட்டரில் தலைவலி மாத்திரை வாங்குகிற மனிதரும்தான். அங்கே அவரிடம் நிதானமாகப் பேசியிருக்கலாம். 2022 ஜனவரியில் அந்த ஊசிகளுக்குச் சந்தை அனுமதி கொடுத்தபோதும், மெடிக்கல் ஷாப்பில் கிடைக்காது, மருத்துவமனையும் கிளினிக்கும்தான் வாங்கலாம் என்றே வரையறுத்தார்கள்.

எங்கள் ஊரில் பிரெஞ்சுப் படையில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா தாத்தா ஒருவர் இருக்கிறார். ஆறு மாதம் இங்கே, ஆறு மாதம் பாரிஸில் மகள் வீட்டில். ஒரு அக்டோபரில் ஊருக்கு வந்தவர் நேராகக் கடைக்கு வந்து, "ஃப்ளூ ஊசி போடும்மா" என்றார். போட மாட்டோம் தாத்தா என்றதும் அவருக்குக் கோபம். "அங்க மூலைக்கு மூலை பச்சை சிலுவை போட்ட பார்மசி. உள்ள கூப்புட்டு, சேர்ல உக்கார வச்சு, போட்டு வுட்டுட்டாங்க. நீயும் அதே படிப்புதானே?" அவர் சொல்வது நிஜம். 2017-இல் இரண்டு மாகாணங்களில் சோதனையாகத் தொடங்கி, 2019-இல் நாடு முழுக்கப் பார்மசிஸ்ட்டுகள் பெரியவர்களுக்கு ஃப்ளூ ஊசி போட பிரான்ஸ் அனுமதித்தது; பிறகு மற்ற ஊசிகளையும் சேர்த்தது. அமெரிக்காவில் 1996-இல் பார்மசிஸ்ட்டுகளுக்குப் பயிற்சி தொடங்கி, 2009-க்குள் ஐம்பது மாநிலங்களும் அனுமதி கொடுத்துவிட்டன. இங்கிலாந்தில் 2015-இல் ஃப்ளூ ஊசி கடைக்கு வந்தது.

அதை அப்படியே இங்கே கொண்டுவரச் சொல்ல மாட்டேன். எங்கள் பகுதியில் மருத்துவத்துக்குப் பஞ்சமில்லை. பிள்ளையார்குப்பம், கிருமாம்பாக்கம், மதகடிப்பட்டு என்று தடுக்கி விழுந்தால் மருத்துவக் கல்லூரி. இங்கே உள்ள ராமநாதபுரத்தில் ஜிப்மரின் கிராம மையம் இருக்கிறது. கைக்குழந்தை ஊசியை ஏஎன்எம்களும் ஆஷாக்களும் வீடு வீடாகக் கணக்கு வைத்துப் பார்க்கிறார்கள். அதில் நாங்கள் கை வைக்க வேண்டாம். தமிழ்நாட்டில் 2008-இல் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட நாலு குழந்தைகள் இறந்தபோது, ஊர் ஊராகப் போய் ஊசி போடுவதையே நிறுத்தி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள் மட்டும் போட வைத்தார்கள். கைக்குழந்தை விஷயத்தில் அந்த அளவு ஜாக்கிரதை தவறில்லை.

விட்டுப்போவது பெரியவர்கள். தேசியத் தடுப்பூசித் திட்டமே 1978-இல்தான் வந்தது. அதற்கு முன் பிறந்த விவசாயிகளில் எத்தனையோ பேருக்கு டிடி முழுச் சுற்று ஒருதரம்கூடப் போட்டதில்லை. பெண்களுக்காவது கர்ப்பத்தில் போடுவார்கள். ஆண்களுக்கு, காலில் ஆணி ஏறினால்தான் ஊசி. இன்னொரு பக்கம், இருபது வயதுப் பையன் ஆறு மாதத்துக்கு ஒரு டிடி போட்டுக்கொள்வான். பத்து வயதிலும் பதினாறு வயதிலும் போட்டிருந்தால், சுத்தமான காயத்துக்குப் பத்து வருஷம், அழுக்குக் காயத்துக்கு ஐந்து வருஷம் வரை மறுபடி தேவையில்லை என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. யாருக்கு எப்போது போட்டது என்ற பெரியவர்களின் கணக்கு எங்கேயும் இல்லை. சர்க்கரைக்காரர், ஆஸ்துமாக்காரர், டயாலிசிஸ்காரர் யாருக்கும் ஃப்ளூ ஊசியோ நிமோனியா ஊசியோ அரசுத் திட்டத்தில் கிடையாது. டாக்டர் எழுதிக் கொடுத்தால் கடையில் வாங்க வேண்டும்.

வாங்கி என்ன செய்கிறார்கள் என்பதுதான் யாரும் பார்க்காத இடம். தயாரித்த தொழிற்சாலையிலிருந்து குளிர்வண்டி, மொத்த வியாபாரியிடம் குளிர் அறை, அங்கிருந்து தெர்மாகோல் பெட்டி, என் கடையில் ஃப்ரிட்ஜ், நோட்டில் காலை மாலை வெப்பநிலை. இவ்வளவுக்கும் பிறகு குப்பி வாடிக்கையாளர் கைக்குப் போகிறது. அவர் அதை எடுத்துக்கொண்டு டாக்டரைத் தேடிப் பஸ் ஏறுகிறார். டாக்டர் வர லேட்டாகிறது. கிளினிக் பெஞ்சில், மின்விசிறி இல்லாத மூலையில், மடியில் குப்பியோடு உட்கார்ந்திருக்கிறார். சங்கிலி அறுவது அங்கேதான். சட்டம் என் கையிலிருந்து ஊசியைப் பிடுங்கி, குளிர்ச் சங்கிலியின் கடைசிக் கண்ணியை ஒரு நோயாளியின் மஞ்சள்பையில் வைத்திருக்கிறது.

எனக்கு வேண்டியது அதிகமில்லை. டாக்டர் சீட்டு இருந்தால், பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவருக்கு, டிடி, ஃப்ளூ, ஹெபடைட்டிஸ் பி மூன்றை மட்டும் போட அனுமதி. அதற்கு முன்னால் பிஎச்சியில் சிஸ்டர் பக்கத்தில் நின்று பயிற்சி. அலர்ஜி பத்து லட்சம் ஊசியில் ஒன்றோ இரண்டோ பேருக்குத்தான் கடுமையாக வரும். ஆனால் வந்தால் நிமிஷக் கணக்கு. அட்ரினலின் ஆம்பூலும், அதைப் போட எழுத்து மூலமான அனுமதியும் வேண்டும். ஏஎன்எம்களுக்கு ஒரு டோஸ் போட அப்படி அனுமதி கொடுத்திருக்கிறார்கள். திரைபோட்ட ஒரு மூலை, ஊசி போட்டவர் அரை மணி நேரம் உட்கார ஒரு பெஞ்ச், போட்டு முடித்த ஊசியைத் தனியாகச் சேர்த்து அனுப்ப ஒரு பெட்டி. போட்டதை அரசுப் பதிவேட்டில் ஏற்ற ஒரு வழி. இவ்வளவையும் வைத்துக்கொள்ள முடியாத கடைகளுக்கு அனுமதி வேண்டாம். பார்மசிஸ்ட் சான்றிதழை வாடகைக்கு வாங்கி மாட்டியிருக்கும் கடைக்குக் கொடுக்கவே கூடாது. அப்படிப்பட்ட கடைகள் இருப்பதால்தான் எங்களை நம்பத் தயங்குகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஃபீஸ் என்ன என்று அரசே நிர்ணயிக்கட்டும். புதிதாக டி.பார்ம் முடித்து வரும் பிள்ளைகள் 2020-இல் மாறிய பாடத்திட்டத்தில் தடுப்பூசி அட்டவணையைப் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

சொல்தா தாத்தாவுக்கு அன்று ஃப்ளூ குப்பியைக் கொடுத்தேன், டவுனில் அவருடைய டாக்டர் எழுதிய சீட்டு இருந்தது. ஃப்ளூ ஊசியும் உறையக் கூடாது. ஜெல் பையைச் செய்தித்தாளில் சுற்றி, குப்பி அதை நேராகத் தொடாதபடி நடுவில் அட்டை வைத்து, சின்னத் தெர்மாகோல் டப்பாவில் போட்டு, டாக்டர் கிளினிக்கில் இருக்கிறாரா என்று போனில் கேட்ட பிறகே கொடுத்தேன். "வழியில ஜூஸ் கடையில ஐஸ் வாங்கி இதுல போட்டுடாதீங்க தாத்தா, கெட்டுப்போயிடும்" என்றேன். அவர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவ்ளோ கட்டுற நேரத்துல நீயே போட்டிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு ஆட்டோவைக் கூப்பிட்டார்.